ராத்திரி ரத்தமும் ராத்திரி வாடையும்

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்கிறவர்கள் ராத்திரியில்தான் தெருவுக்கு வருவார்களாம். ஊர் அடங்கின பிறகு டார்ச் விளக்கும் ஊசியும் கண்ணாடித் தகடுகளுமாக வந்து கதவைத் தட்டுவார்கள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, விரல்நுனியில் குத்தி, வருகிற சொட்டைத் தகட்டில் தடவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

காரணம் புழு. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். ராத்திரி பத்து மணிவாக்கில்தான் கை கால் ரத்தத்துக்கு வரும். அவற்றைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர் சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்தபோது, 1870களில், இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தப் புழுவைத் தேடிய எல்லோரும் அதன் நேரத்துக்குத்தான் வேலை பார்த்தார்கள். நம் கடற்கரை முழுக்க இந்த நோய் பரவியிருந்தது. புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 1975ல் கொசுவழி நோய்களுக்கென்றே ஒரு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை அந்த நகரத்தில் கொசு உற்பத்தியைக் குறைத்து யானைக்காலைக் கட்டுப்படுத்தப் பெரிய முயற்சி நடந்தது. அந்த வேலைக்கெல்லாம் அடிப்படை, ராத்திரி எடுத்த ரத்தமும் பகலில் மைக்ரோஸ்கோப்பில் எண்ணிய குஞ்சுகளும்தான்.

இப்போது அதை ஒரு சோதனைப் பட்டை செய்கிறது, அதுவும் பட்டப்பகலில். விரல்நுனியிலிருந்து 75 மைக்ரோலிட்டர் ரத்தம், இரண்டு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் ஒரு முனையில் விட்டால் அது மெல்ல ஊர்ந்து போகும். வளர்ந்த புழு உடம்புக்குள் எங்கே இருந்தாலும் அதிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் இரவு பகல் பார்க்காமல் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டையில் காய்ந்து கிடக்கும் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் ஒரு கோடு கூடுதலாகத் தெரியும். பார்க்க வேண்டியது சரியாக 10 நிமிடம் கழித்து. அதைத் தாண்டிப் பார்த்தால் இல்லாத நோய்க்கும் லேசாகக் கோடு விழலாம். அதனால் இதைச் செய்கிறவர்கள் கடிகாரத்தைப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஊரில் நோய் பரவுவது நின்றுவிட்டதா என்று ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் பார்க்கும்போது இந்தப் பட்டையைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போக முடிகிறது. நடுராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டாம்.

மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கும்போது நான் இந்தக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். கொஞ்சமே கொஞ்சம் திரவத்தை, தலைமுடி பருமனுள்ள வழிகளில் ஓடவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற துறை என்று பாடப்புத்தகம் சொல்லும். சரிதான். ஆனால் அளவு சின்னதானதைவிட, சோதனை நடக்கிற நேரமும் இடமும் மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. லேப் திறந்திருக்கிற நேரம் வேறு, விஷயம் நடக்கிற நேரம் வேறு. கடலூரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் இந்தத் துறைக்குள் வந்தது பட்டை வழியாக இல்லை, சிப் வழியாக, அதாவது நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள சின்னத் தகடு வழியாக. புதுச்சேரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்த வருஷங்களில் கையில் எப்போதும் பி.டி.எம்.எஸ். பிசுக்கு இருக்கும். அது ஒருவகை சிலிகோன். கெட்டியான, நிறமில்லாத திரவமாக வரும். பத்துப் பங்குக்கு ஒரு பங்கு, இறுகவைக்கிற மருந்தைச் சேர்த்துக் கலக்கினால் உள்ளே ஆயிரம் குமிழி. வேக்குவம் ஜாடியில் வைத்தால் குமிழிகள் பொங்கி மேலே வந்து ஒவ்வொன்றாக உடையும். எல்லாம் போன பிறகு, மேடு மேடாக வரி போட்ட சிலிக்கான் அச்சின் மேல் ஊற்றி, 70 டிகிரி சூட்டில் ஓவனில் ஓரிரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்து ஓரத்தில் பிளேடால் கீறி உரித்தால் கண்ணாடிபோலத் தெளிவான ரப்பர் துண்டு வரும். அதன் அடியில் நுண்ணிய வாய்க்கால்கள். பஞ்ச் வைத்துத் துளை போட்டு, பிளாஸ்மாவில் (மின்சாரம் பாய்ச்சிய வாயுவில்) ஒரு நிமிடம் காட்டி, கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. 1998 வாக்கில் ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழு இந்த முறையைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான், கோடிக்கணக்கில் செலவழித்துத் தூசியில்லா அறை கட்ட முடியாத லேப்களும் சிப் செய்ய ஆரம்பித்தன.

முதல்முறை இரண்டு நிறத்தை ஓடவிட்டுப் பார்த்ததை யாருமே மறக்கமாட்டார்கள். கவை மாதிரி இரண்டு வழி வந்து ஒன்றாகும் வாய்க்கால். அகலம் 100 மைக்ரோமீட்டர். ஒரு பக்கம் சிவப்பு, இன்னொரு பக்கம் நீலம். இரண்டும் சேருகிற இடத்தில் ஊதா வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி, கடைசிவரை தனித்தனியாகப் போகும். அந்த அளவில் நீர் சுழலாது. வேகத்தால் முன்னே தள்ளுகிற விசையைவிடப் பிசுபிசுப்பின் பிடி அதிகம். கலப்பதெல்லாம் மூலக்கூறுகள் தாமாக நகர்ந்து பரவுவதால் மட்டுமே.

அந்தப் பரவலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது; இந்தத் துறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் 4 மடங்காகும். ஒரு சின்ன மூலக்கூறு நீரில் 100 மைக்ரோமீட்டர் பரவ சுமார் 5 விநாடி ஆகும். அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் பரவ 14 மணி நேரம் ஆகும். இடத்தைச் சுருக்கினால் காத்திருப்பு அதைவிட வேகமாகச் சுருங்கும். சோதனைக் குழாயில் அரை நாள் ஊறவைக்க வேண்டியது வாய்க்காலில் சில விநாடியில் முடிவது இதனால்தான். 1990ல் ஆந்திரேயாஸ் மான்ஸ் என்ற வேதியியலாளர், சாம்பிள் எடுப்பதிலிருந்து கலப்பது, பிரிப்பது, அளப்பது வரை எல்லாவற்றையும் ஒரே சின்னத் தகட்டில் வைக்கலாம் என்று எழுதியபோது அவர் நம்பியதும் இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் எங்கள் மேஜையில் நடந்தது வேறு. சிப் ஒரு ரூபாய்க் காசளவுதான். அதற்குத் திரவம் தள்ள இரண்டு சிரிஞ்ச் பம்ப். பார்க்க ஒரு மைக்ரோஸ்கோப். அதன் தலையில் கேமரா, பக்கத்தில் லேப்டாப், கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். எல்லாவற்றையும் ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோக மினி வேன் வேண்டும். குழாயில் ஒரு குமிழி புகுந்துவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி. அழகான சிப்கள், அழகான கட்டுரைகள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், மருந்து ஆராய்ச்சிக்கும் டி.என்.ஏ. வேலைக்கும் அவை இல்லாமல் இன்று முடியாது. நோயாளியும் கிணறும் மட்டும் லேபுக்கு வரவேண்டியிருந்தது, முன்பு மாதிரியே.

அதே வைட்சைட்ஸ் குழுதான் 2007ல் காகிதத்துக்குத் திரும்பியது. ஃபில்டர் பேப்பரில் நீர் தாண்ட முடியாத கரைகளை வரைந்துவிட்டால் காகிதமே வாய்க்கால். சிறுநீரில் குளுக்கோஸும் புரதமும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பம்ப் வேண்டாம், அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அந்த ஈர்ப்பே போதும். இதற்கும் விதி இருக்கிறது; 1921ல் வாஷ்பர்ன் என்ற வேதியியலாளர் எழுதியது. நீர் ஒரு சென்டிமீட்டர் ஊற எவ்வளவு நேரமோ, நான்கு சென்டிமீட்டர் ஊற அதைப்போல் 16 மடங்கு. பட்டைகள் எல்லாம் விரல் நீளத்திலேயே நிற்பது இதனால்தான். அதை இன்னும் நீட்டினால், பார்க்கிறவர் பொறுமை போவதற்குள் நீர் பாதி வழியில் காய்ந்துவிடும்.

படிப்பு முடித்துக் கடலூருக்கு வந்து கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகு எனக்கு இதுதான் வழி என்று தோன்றியது. இங்கே பிளாஸ்மா இயந்திரம் கிடையாது. வாட்மேன் நம்பர் 1 ஃபில்டர் பேப்பர் இருக்கிறது, ஸ்டேஷனரி கடையில் மெழுகு கிரேயான் இருக்கிறது, ஹாஸ்டலில் இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. காகிதத்தின் இரு பக்கமும் ஒரே இடத்தில் கிரேயானால் வட்டம் போட வேண்டும், அழுத்தி. மேலே வெள்ளைத் தாள் வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகிக் காகிதத்தின் தடிமன் முழுக்க இறங்கிச் சுவராக நின்றுவிடும். அதற்குள் விட்ட நீர் வெளியே வராது.

முதலில் இரும்பைப் பார்த்தோம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது; பக்கெட்டின் உள்பக்கம் காவி ஏறியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். வட்டத்துக்குள் மூன்று மருந்தைச் சொட்டி உலர்த்தினோம்: ஹைட்ராக்சிலமின், அசிடேட் பஃபர், ஃபினாந்த்ரோலின். இரும்பு இருந்தால் ஆரஞ்சுச் சிவப்பு வரும். மாணவர்கள் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பல பாட்டில்களில் நிறமே ஏறவில்லை. வந்ததும் லேசாகத்தான் வந்தது. ஆனால் அடியைப் பார்த்தால் காவி மண்டி. போர் தண்ணீர் பூமிக்கு அடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை இரும்பு அதில் கரைந்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிய ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் வந்து, முதல் இரண்டு பீரியட் முடிந்து, லேப் வகுப்பு ஆரம்பிப்பதற்குள் தண்ணீர் வேறு தண்ணீராகியிருந்தது. ஆசிட் விட்டு எடுத்துவரச் சொல்வது முறையான வழி. நாங்கள் அந்தக் காகித அட்டையைத் தண்ணீரிடம் அனுப்பினோம்.

ஒரு மாணவியின் வீட்டில், மோட்டார் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, குழாயடியிலேயே ஒரு சொட்டு விட்டோம். வட்டத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நிறம் ஏறியது, செங்கல் பொடியைக் கரைத்துவிட்டது போல. பக்கத்தில் நின்ற அவளுடைய ஆயா எட்டிப் பார்த்தார்.

"இந்தக் காயிதம் என்னா சொல்லுது சாரு?"

"தண்ணியில இரும்பு ஜாஸ்தி இருக்குன்னு சொல்லுது ஆயா."

"அதாங் டீத்தண்ணி கறுத்துப் போவுது. நாங்கூட இவங்க ஆத்தா டீத்தூளு அள்ளிக் கொட்றான்னு நெனச்சேன்."

ஆயா சொன்னது ரசாயனப்படி சரி. டீயில் இருக்கிற டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். அந்த அம்மாள் பல வருஷமாக ஒரு இரும்புச் சோதனையைத் தினமும் காலையில் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

காகிதத்தால் எல்லாம் முடியும் என்று நான் சொல்லவில்லை. சின்னதாக்குவதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அது இயந்திரத்தின் எல்லை இல்லை, எண்ணிக்கையின் எல்லை. ரத்தத்தில் ஒரு பொருள் ஒரு ஃபெம்டோமோலார் என்கிற மிக மிகக் குறைந்த செறிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரோலிட்டரில் அதன் மூலக்கூறுகள் 600தான் இருக்கும். அதையும் ஆயிரத்தில் ஒரு பங்காக்கி நானோலிட்டர் அறையில் வைத்தால் பல அறைகளில் ஒன்றுகூட இருக்காது. இல்லாததை எந்த சிப்பாலும் கண்டுபிடிக்க முடியாது. விரல்நுனி ரத்தத்தில் திசுநீரும் கலந்து வரும் என்பது இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் தெரானோஸ் நிறுவனம், சில சொட்டு விரல்நுனி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனை செய்வதாகச் சொல்லிக் கோடிகளைத் திரட்டியது. அதை நிறுவிய எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022ல் தண்டிக்கப்பட்டார். அந்தச் செய்தி வந்தபோது என் மாணவர்கள் சிலர் இந்தத் துறையே ஏமாற்று என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. சர்க்கரை பார்க்கிற பட்டை ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தத்தில் வேலை செய்கிறது, ஏனென்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏராளம். எதை எவ்வளவு துளியில் தேடலாம் என்பது ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நம்பலாம்.

நம் ஊரில் காகிதத்துக்கு இன்னொரு எதிரி கடற்கரை ஈரம். பட்டைகளை அலுமினியப் பையில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு அடைத்துத் தருவது அலங்காரத்துக்கு இல்லை. சர்க்கரைப் பட்டை டப்பாவை மூடாமல் ஜன்னலோரம் வைக்கிற வீடுகள் நிறைய. தயவுசெய்து மூடிவையுங்கள், ஐப்பசி கார்த்திகையில் கட்டாயமாக.

மீனுக்கும் பட்டை வந்திருக்கிறது. கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018ல் சிஃப்டெஸ்ட் என்று ஒன்றை வெளியிட்டது. மீனின் மேல் பட்டையைத் தேய்த்து, மேலே ஒரு சொட்டு மருந்து விட்டால், ஃபார்மலின் இருந்தால் நிறம் மாறும். விடியற்காலை ஏலத்தில் கைமாறுகிற மீன் மதியத்துக்குள் குழம்பாகிவிடுகிறது. லேப் ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்து யாருக்கு என்ன பயன்?

இனி சிப்காட். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், உப்பனாற்றை ஒட்டி, 1980களில் வந்த ரசாயனத் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் என்று அதை ஒட்டி ஊர்கள். அங்கே போய் யாரிடம் பேசினாலும் வாடையைப் பற்றித்தான் பேச்சு. அழுகின முட்டை வாடை, நெயில் பாலிஷ் வாடை, பிணவாடை என்று பெயர் வைத்துச் சொல்வார்கள். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "ராத்திரி பத்து மணிக்கு மேல தூக்கியடிக்கும் தம்பி. போன் போட்டா, காலையில வர்றம்பாங்க. காலையில காத்து மாறிப்பூடும். வர்றவங்க மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லையேன்னு போயிடுவாங்க."

அவர் சொன்னதில் வானிலை அறிவியல் இருக்கிறது. பகலில் கடல்காற்று நன்றாக வீசும், தரை சூடாக இருப்பதால் காற்று மேலே எழுந்து கலக்கும். ராத்திரியில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று அசையாமல் படுத்துவிடும். அதில் விட்ட வாயு மேலே போகாமல் வீட்டுக்குள் வரும். யானைக்கால் புழு மாதிரியே இதற்கும் ராத்திரிதான் நேரம், சோதிக்க வருகிறவர்களுக்குப் பகல்தான் நேரம்.

அந்த ஊர்க்காரர்கள் 2004ல் செய்ததை இந்தத் துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒன்று சேர்ந்தார்கள். வாடையை வகை பிரித்து, நேரம் போட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதப் பயிற்சி எடுத்தார்கள். காற்றைப் பிடிக்க மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே ரசாயனம் ஒட்டாத ஒரு பை. வாளிக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்தால் பை விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் 1990களில் உருவான யோசனை. வாடை அடிக்கிற நேரத்திலேயே பையை நிரப்பி, அமெரிக்காவில் இருந்த லேபுக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்படப் பல ரசாயனங்களின் பெயர் ரிப்போர்ட்டில் வந்தது. படிப்பு குறைந்தவர்கள் என்று நினைக்கப்பட்டவர்கள், சாம்பிளை எப்போது எடுக்க வேண்டும் என்பதை வேறு யாரையும்விட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

மூக்கு மட்டும் போதாதா என்று கேட்கலாம். அழுகின முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு, நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மோப்ப நரம்பு செயலிழந்துவிடும். வாடை போய்விட்டது என்று ஆள் நினைப்பார்; உண்மையில் உயிருக்கே ஆபத்தான அளவு வந்திருக்கும். கூடவே மூக்கு எண் சொல்லாது, தேதி சொல்லாது, கேட்கிறவர் நம்பவும் மாட்டார்.

இந்தத் துறையின் முதல் சிப் என்று பலர் சொல்வது 1979ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் டெரி செய்ததை. 5 சென்டிமீட்டர் சிலிக்கான் வேஃபரில் (வட்டத் தகட்டில்) 1.5 மீட்டர் நீளச் சுருள் வாய்க்கால். அது என்ன செய்தது தெரியுமா? வாயுக் கலவையைப் பிரித்துக் காட்டியது. ரத்தத்துக்கு முன்னால், டி.என்.ஏ.வுக்கு முன்னால், காற்றைப் பிரிக்கத்தான் சிப் வந்தது. அது நடந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் ஈச்சங்காட்டு வீட்டுச் சுவரில் மாட்டுகிற விலையில் அப்படி ஒன்று இல்லை என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. கையில் தூக்கிப்போகிற கருவிகள் இருக்கின்றன, விலை லட்சங்களில்.

அதனால் நாங்கள் இப்போது நிற அட்டையில் இறங்கியிருக்கிறோம். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் சஸ்லிக் 2000ல் காட்டிய வழி: ஒவ்வொரு வாயுவுக்கும் ஒவ்வொரு மாதிரி நிறம் மாறுகிற சாயங்களைப் புள்ளி புள்ளியாக வைத்தால், எந்தப் புள்ளிகள் எப்படி மாறின என்பதே அந்த வாடையின் அடையாளம். அவரிடம் இருந்த சாயங்கள் எங்களிடம் இல்லை. கல்லூரி லேபில் இருக்கிற பி.எச். இன்டிகேட்டர்களும், ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கறுக்கும் லெட் அசிடேட் (ஈய உப்பு) தாளும் இருக்கின்றன. கிரேயான் சுவர் வைத்து ஒரே அட்டையில் அவற்றை வரிசையாக வைத்திருக்கிறோம். லெட் விஷம் என்பதால் பிள்ளைகள் கை படாத மாதிரி, ஆனால் காற்றுப் புகுகிற உறைக்குள்.

இந்த அட்டை கோர்ட்டில் நிற்காது. 1981ஆம் வருஷத்துக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, அதிகாரி நோட்டீஸ் கொடுத்து, சம்பந்தப்பட்டவர் முன்னிலையில் எடுத்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிளின் முடிவுதான் சாட்சியம். அதில் மாற்றுக் கருத்தில்லை. யாரோ சொன்ன நிறத்தை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. ஆனால் சாம்பிள் பையும் லேப் கட்டணமும் விலை அதிகம், கண்ட ராத்திரியில் எல்லாம் திறக்க முடியாது. எந்த ராத்திரியில் திறப்பது என்பதை அட்டை சொல்லலாம். எட்டு வீட்டுச் சுவரில் எட்டு அட்டை, எந்தெந்த வீட்டில் எத்தனை மணிக்கு மாறியது என்று போனில் ஒரு படம். ஒரு மாதம் அப்படி எழுதிவைத்தால், எந்தக் காற்றுக்கு எந்த நேரத்தில் எந்த ஊர் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். அதைக் காட்டி, வருகிறவர்களை அந்த நேரத்துக்கு வரச் சொல்லலாம்.

இப்போதைக்குத் தடை பனிதான். ராத்திரி ஈரத்தில் சாயம் கசிந்து புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிளம்பர் கடையில் விற்கிற டெஃப்லான் டேப்பை மேலே ஒரு சுற்று ஒட்டிப் பார்த்தோம்; நீரை விடவில்லை, அம்மோனியா பாட்டிலைத் திறந்து காட்டியபோது நிறம் மாறியது, மெதுவாக. டேப்பை இழுத்து ஒட்டினால் இன்னும் வேகமாக மாறுகிறது என்று இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான். எவ்வளவு இழுக்கலாம், எந்த அளவுக்கு மேல் நீரும் புகுந்துவிடும் என்று அவனும் அவனுடைய நண்பர்களும் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.